கழுவாத போத்தில்

குறிகட்டுவான் துறையில் யூலியானா றெஜிபோம் பெட்டியோடு நின்றால் நாலு பேராவது கேட்காமல் விடமாட்டார்கள்.

"என்ன மீன் பிள்ளை?"

"மீன் இல்லை அண்ணை."

"நண்டோ?"

"நண்டும் இல்லை."

"சொல்லுமன், றால்தானே? நாங்கள் என்ன பறிச்சே போடப்போறம்?"

ஊர்காவற்றுறைப் பஸ்ரியாம்பிள்ளையின் மகள் கையில் ஐஸ் போட்ட வெள்ளைப் பெட்டி இருந்தால் அதற்குள் மீன் இல்லாமல் வேறென்ன இருக்கும்? ஒருமுறை உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். நெடுந்தீவிலிருந்து திரும்பும் படகில் ஒரு பெரியவர் கேட்க, "சனத்தின்ரை சலம் ஐயா, மூத்திரம். பரிசோதனைக்குக் கொண்டு போறன்" என்றாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்த அத்தனை பேரும் எழும்பி மற்றக் கரைக்குப் போனார்கள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. ஓட்டி கத்தினான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் "கணவாய்" என்று சொல்லிவிடுவாள். நல்ல கணவாய் எல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் மேற்கொண்டு ஆசைப்படமாட்டார்கள்.

யூலியானா யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். முப்பது வயதை எட்டப்போகிறது. கையில் எப்போதும் ஒரு மாற்றுச் சட்டை, பையில் எப்போதும் பிஸ்கற், வாயில் எப்போதும் ஒரு பதில். அவள் செய்துகொண்டிருப்பது நெருப்புக்குச்சியின் அகலமேயுள்ள ஒரு பட்டி. அதன் நுனியில் மெல்லிய தங்கப் பூச்சு. அந்தத் தங்கத்தின்மேல் ஒரேயொரு புரதத்தை மட்டும் எட்டிப் பிடிக்கும் நுண்ணிய கைகள். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கும்போது இரத்தத்தில் இருக்கவேண்டிய ஒரு புரதம் மெல்ல மெல்லச் சலத்தில் கசிய ஆரம்பிக்கும். ஆளுக்கு ஒரு நோவும் தெரியாது. பட்டியைச் சலத்தில் தோய்த்து, கைக்கடக்கமான கருவியில் செருகினால் அந்தப் புரதம் எவ்வளவு என்று இலக்கம் விழும். நெடுந்தீவில் இருக்கும் ஒருவர் இதை அறிய இப்போது படகேறி, பஸ் ஏறி, வரிசையில் நின்று, கடைசிப் படகைத் தவறவிட்டு, யாரோ சொந்தக்காரர் வீட்டில் படுத்து எழும்ப வேண்டும். பட்டி இருந்தால் வீட்டு வாசலிலேயே முடிந்த அலுவல்.

வெறும் தண்ணீரில் புரதத்தைக் கரைத்துக் கொடுத்தால் பட்டி முத்து முத்தாகச் சொல்லும். மனிதரின் சலத்தைக் கொடுத்தால் திக்கும். ஏனென்றால் சலத்தில் வேறு புரதங்களும் இருக்கின்றன. சளிபோலப் பிசுபிசுக்கும் சங்கதிகளும் இருக்கின்றன. எல்லாம் வந்து தங்கத்தின் முகத்தில் அப்பிக்கொள்ளும். கலியாண வீட்டில் முன்வரிசைக் கதிரைகளில் கூப்பிடாத ஆட்கள் வந்து குந்திவிட்டால் மாப்பிள்ளையின் தாய் எங்கே இருப்பாள்? அவளைக் காணவில்லை என்பதற்காக அவள் வரவில்லை என்று சொல்லிவிட முடியுமா? பட்டி அப்படித்தான் சொன்னது.

அப்பிக்கொள்வது என்றால் என்ன என்று யூலியானாவுக்குப் புத்தகம் படித்துத் தெரியவேண்டியதில்லை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்தால் அப்பாவின் படகின் அடியைச் சுரண்டுவதுதான் அவளுக்கு வேலை. முதலில் பாசி, பாசிமேல் சேறு, சேற்றின்மேல் சிப்பி. "உதிலை ஒண்டும் ஒட்டாமல் ஒரு பூச்சு இல்லையோ அப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். "இருக்குது" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "உன்ரை கைதான். சுரண்டு."

அந்தக் கோபத்தில்தான் அவள் இரசாயனம் படித்தாள் என்று வீட்டில் பகிடி சொல்வார்கள். முழுப் பொய்யும் இல்லை. அவளுடைய பட்டியில் இப்போது ஒரு பூச்சு இருந்தது. தண்ணீரை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடாத பூச்சு. தங்கத்தின்மேல் எந்நேரமும் மெல்லிய நீர்ப்படலம் நின்றால், கூப்பிடாத புரதங்களுக்குக் குந்த இடம் இருக்காது. கைகள் மட்டும் அந்தப் படலத்துக்கு மேலால் நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு மாரி காலம் அதற்கே போனது.

மாதக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு குழு பார்க்க வரவிருந்தது. பட்டி உண்மைச் சலத்தில் வேலை செய்தால் ஆய்வுக்கு இன்னும் மூன்று வருடம் கிடைக்கும்; யூலியானாவின் வேலையும் அதோடு நிலைக்கும். வேலை செய்யாவிட்டால் அவளுக்கு ஊர்காவற்றுறையில் ஒரு கதிரை காத்திருந்தது. பகிடியில்லை, உண்மையாகவே ஒரு கதிரை. கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரில், சுற்றாத மின்விசிறிக்குக் கீழே, ஒரு கால் கட்டையான கதிரை. அதில் இருந்த கிளாக்கர் சொல்லாமல் கொள்ளாமல் பிரான்சுக்குப் போய்விட்டார். சங்கத் தலைவர் பஸ்ரியாம்பிள்ளை அந்த இடத்தை மகளுக்கென்று பிடித்து வைத்திருந்தார். சந்தையில் பூப்போட்ட ஒரு குசனும் வாங்கிக் கதிரையில் போட்டுவிட்டார். அந்தக் குசனை நினைக்கும் ஒவ்வொரு முறையும் யூலியானா ஆய்வுகூடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்பாள்.

முதலில் கம்பஸ் மாணவர்களிடம் போத்தில் கொடுத்துச் சலம் எடுத்தார்கள். ஒவ்வொரு போத்திலுக்குள்ளும் அளந்த அளவு புரதத்தைத் தாங்களே போட்டு, அதைப் பட்டி திருப்பிச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. போட்டதில் பாதியைத்தான் சொன்னது. சில போத்தில்களில் அதுவும் இல்லை. யூலியானா குசனின் பூக்களை எண்ணத் தொடங்கினாள்.

பிறகு நெடுந்தீவு.

நெடுந்தீவில் அவளுக்கு வாய்த்தவர் கமலாதேவி. முன்பள்ளி ஆசிரியை. கையில் ஒரு சைக்கிள், இடுப்பில் ஒரு திறப்புக்கோர்வை, தீவில் யார் யாரோடு கோபம் என்பது விரல்நுனியில். புதுப் போத்தில்களைப் பைக்கற்றோடு அவரிடம் கொடுத்து, வீடு வீடாகக் கொடுத்து வாங்கித் தரச் சொன்னாள் யூலியானா. அடுத்தமுறை போனபோது முன்பள்ளியின் பின்னறையில் போத்தில்கள் வரிசையாக நின்றன. ஒன்று சோறு கட்டும் லஞ்ச் சீற்றில் சுற்றியிருந்தது. ஒன்று கறுப்புச் சொப்பின் பைக்குள். ஒன்றின்மேல் பின்னல் வேலை செய்த, முகம் துடைக்கும் ஒரு கைலேஞ்சி.

"வெளியாலை ஒருத்தருக்கும் தெரியாமல்தான் கொண்டந்தவை" என்றார் கமலாதேவி. "ஒருத்தி நல்லெண்ணெய் எண்டு சொல்லிக் கொண்டந்தவள். நல்லகாலம், வழியிலை ஒருத்தரும் கடன் கேக்கேல்லை."

"அக்கா, நம்பர் ஸ்ரிக்கர் ஒண்டையும் காணேல்லையே?"

"அது கழண்டு போச்சுது. நான் கியூற்றெக்ஸாலை எழுதி விட்டிருக்கிறன், பாரும்."

போத்தில்களின் அடியில் சிவப்பு நகப்பூச்சால் இலக்கங்கள் மின்னின. போத்தில்களும் மின்னின. ஒரு மூடியைத் திறந்தபோது தேசிக்காயின் எலுமிச்சை வாசம் மெல்ல வந்தது. மணத்துக்குக் கூச்சப்பட்டுப் பைக்குள் தேசிக்காய் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று யூலியானா நினைத்தாள். எவ்வளவு நாகரிகமான சனம் என்றும் நினைத்தாள்.

நெடுந்தீவுப் போத்தில்களில் பட்டி அப்படியே பாடியது. போட்ட புரதம் எவ்வளவோ அவ்வளவும் சொன்னது. யூலியானா கருவியை நிற்பாட்டித் திரும்பப் போட்டாள். மறுபடியும் அதே இலக்கம். அவளுக்குப் பொறுப்பான கோபிசங்கர் சேர், பல்லுக்குள் பேனை கடித்தபடி பின்னால் வந்து நின்று, பேனையைக் கீழே போட்டார்.

"பூச்சு வேலை செய்யுது!"

"ஓம் சேர். ஆனால் கம்பஸ் பெடியளிலை ஏன் செய்யேல்லை?"

கோபிசங்கர் நல்ல மனிதர். மாணவர்களுக்குத் தன் செலவில் றோல்ஸ் வாங்கிக் கொடுப்பார். ஒரேயொரு குறை, ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் அவரால் சோறு தின்ன ஏலாது. பின்னேரத்துக்குள் பதில் கண்டுபிடித்துவிட்டார். நெடுந்தீவுத் தண்ணீர். அரை உவர், பவளக்கல்லுக்குள்ளால் ஊறி வருவது, அதைப் பரம்பரையாகக் குடிக்கும் சனத்தின் சலத்தில் அப்புகிற புரதம் குறைவு. மறுநாள் ஒரு மாநாட்டுக்குக் கட்டுரைச் சுருக்கமும் அனுப்பிவிட்டார்.

"யூலியானா, அங்கை வெளியிலை திரியிற குதிரையளும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்குது?"

"குதிரையிட்டைப் போத்தில் நீட்ட என்னாலை ஏலாது சேர்."

"இல்லை, சும்மா கேட்டனான்." ஆனால் அவர் சும்மா கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப மற்றத் தீவொண்டிலை எடுத்துப் பாப்பம். உம்மடை வீட்டிலையே எடுத்துக்கொண்டு வாருமன்."

வீட்டில் அம்மா அந்தோனியம்மா உடனே ஓம் என்றார். அப்பாதான் பிடி கொடுக்கவில்லை.

"இவ்வளவு காலமும் கடலுக்குக் குடுத்தனான். உனக்குத் தாறதுக்கோ?"

"அப்பா, உங்களுக்குத்தான் முதல் வேணும். கிளினிக் காட்டிலை என்ன எழுதியிருக்கு?"

கிளினிக்கில் தந்த அட்டையில், சீனி வருத்தம், சலத்தில் புரதம் போகிறது, கட்டுப்பாடு வேண்டும் என்று எழுதியிருந்தது. பஸ்ரியாம்பிள்ளை அந்தக் காட்டை அலுமாரியில், வேறு யாருடையதோ போல, அந்தோணியார் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். யூலியானா இந்தப் பட்டியைக் கட்டிக்கொண்டு அழுவது எதற்காக என்று அவருக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சு வந்தால் அவர் எழும்பி வலை பார்க்கப் போய்விடுவார். அன்றும் போனார். ஆனால் காலையில் போத்தில் வாசல்படியில் இருந்தது, மீன் சுற்றும் பத்திரிகைத் தாளில் சுற்றி.

அம்மாவின் போத்தில் பிளாஸ்ரிக் கூடையில், துவாயில் சுற்றி, வேதக்கோவிலுக்குக் கொண்டுபோகும் பூப்போல வந்தது.

ஆய்வுகூடத்தில் அம்மாவின் போத்திலில் பட்டி பாடியது. அப்பாவுடையதில் திக்கியது.

"பாத்தீரோ!" என்றார் கோபிசங்கர். "ஆம்பிளை, பொம்பிளை வித்தியாசம். நான் யோசிச்சனான்."

யூலியானா யோசிக்கவில்லை, முகர்ந்தாள். ஒரே தண்ணீர். ஒரே குசினி. ஒரே மீன்குழம்பு. ஆனால் அம்மாவின் போத்திலில் தேசிக்காய் வாசம், அப்பாவின் போத்திலில் அப்பாவின் வாசம். அடுத்த பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போய்க் குசினிக்குள் நின்றாள்.

"அம்மா, அந்தப் போத்திலை என்ன செய்தனீங்கள்?"

"என்ன செய்யிறது? கழுவித்தான் தந்தனான்."

"எதாலை?"

அந்தோனியம்மா தொட்டிப் பக்கம் நாடியால் காட்டினார். கோப்பை கழுவும் திரவம். மஞ்சள் நிறம். வெளியே பெரிதாகத் தேசிக்காய்ப் படம்.

"அம்மா! அது புதுப் போத்தில். சீல் வைச்சது."

"கடையிலை வாங்கின புதுக் கோப்பையிலை கழுவாமல் தேத்தண்ணி குடிப்பியோ?"

"இது தேத்தண்ணி இல்லையே!"

"அதுதான் வடிவாய்க் கழுவினனான். உன்ரை கம்பஸ் ஆக்கள் மூடியைத் திறக்கேக்கை, பஸ்ரியாம்பிள்ளை வீட்டிலை ஒரு போத்தில் கழுவக்கூட ஆளில்லை எண்டு நினைக்கிறதோ?"

"வடிவாய் அலசினனீங்களோ?"

"ஒரு சிரட்டைத் தண்ணி விட்டு அலசினனான். லொறியிலை வாற பவுசர் தண்ணி பிள்ளை. உதுக்கு ஒரு வாளி வாக்கேலுமோ?"

அப்பா வாசலில் வலைக்குப் பக்கத்தில் இருந்து குரல் கொடுத்தார். "உள்ளுக்கை விடுறதே ஊத்தை. போத்தில் பளபளத்தென்ன?" இந்த வீட்டில் இவரைத் தவிர விஞ்ஞானத்துக்கு ஒத்துழைக்க ஒருவரும் இல்லை என்று யூலியானாவுக்கு அப்போது தோன்றியது.

அடுத்த நாள் நெடுந்தீவு. கமலாதேவி பின்வளவில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். யூலியானா ஒன்றும் கேட்காமல் பார்த்தாள். திரவம் ஒரு பீச்சு, தாராளமாக. நுரை முழங்கை மட்டும். பிறகு உள்ளங்கை அளவு தண்ணீரை விட்டுச் சுழற்றி, அந்தத் தண்ணீரையே அடுத்த கோப்பைக்கு ஊற்றி, அதை அடுத்ததற்கு ஊற்றி, கடைசியில் வாழைக்கு ஊற்றினார். சவர்க்காரம் கடையில் கேட்டவுடன் கிடைக்கும். நல்ல தண்ணீருக்குத்தான் பவுசர் வரவேண்டும்.

"போத்திலுகளும் இப்பிடித்தானோ அக்கா?"

"பின்னை? எல்லாருக்கும் சொல்லித்தான் குடுத்தனான், கழுவிப்போட்டுத் தாங்கோ எண்டு. கழுவாததை நானே கழுவிக் குடுத்து, திரும்பப் பிடிச்சுத் தரச் சொன்னனான். எங்கடை தீவின்ரை மானம் யாழ்ப்பாணம் போகுதெல்லே?"

ஸ்ரிக்கர் எங்கே போனது என்று யூலியானாவுக்கு இப்போது கேட்கத் தேவையிருக்கவில்லை.

ஆய்வுகூடத்துக்கு வந்து, அப்பாவின் மிச்சச் சலத்தை மூன்று போத்தில்களில் ஊற்றினாள். ஒன்று கழுவாதது. ஒன்று கமலாதேவி முறையில் கழுவியது. மூன்றாவதில் மஞ்சள் திரவம் நன்றாகவே நின்றது. இந்தமுறை தான் ஒன்றும் போடவில்லை. அப்பாவிடமிருந்து கசிவதே போதும். முதலாவதில் பட்டி வழக்கம்போலத் திக்கியது. இரண்டாவதில் கிளினிக் காட்டோடு ஒத்துப்போகும் இலக்கத்தைச் சொன்னது. மூன்றாவதில், ஒன்றுமே இல்லை என்றது. சுத்தம். சுகதேகி.

அவள் கதிரையை இழுத்து இருந்தாள். கூப்பிடாத ஆட்களை முன்வரிசையிலிருந்து எழுப்பப் போன சவர்க்காரம், அளவு கூடியதும் மாப்பிள்ளையின் தாயையும் சேர்த்து வெளியே தள்ளிவிட்டது. தங்கத்திலிருந்த கைகளையே கழற்றிவிட்டது. ஆக, பாடியது அவளுடைய பூச்சு அல்ல, தேசிக்காய்ச் சவர்க்காரம். அது எந்த வீட்டில் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. அப்பாவைப் போல ஓர் ஆளுக்கு, உமக்கு ஒரு வருத்தமும் இல்லை, போய் வலையைப் பாரும் என்று இந்தப் பட்டி சொல்லிவிடும். அப்பா அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்.

யூலியானா சொன்னதைக் கோபிசங்கர் கேட்டார். தன் நெடுந்தீவுத் தண்ணீர் கண்முன்னே வற்றுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழு நாளைக்கு வருது யூலியானா."

"தெரியும் சேர்."

"அப்ப இப்பிடிச் செய்வம். கடைசிச் சிலைட்டிலை 'குறைபாடுகள்' எண்டு ஒரு தலைப்பு இருக்குதுதானே. அதிலை போடுவம். சின்ன எழுத்திலை."

குழுவுக்குத் தலைவியாக வந்தவர் பேராசிரியர் மனோகரி. கட்டையாக வெட்டிய நரைமுடி, ஆங்கிலம்தான் பேச்சு. தமிழ் பேசினால் வானொலிச் செய்தி வாசிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழும். கோபிசங்கர் மூன்றாவது சிலைட்டில் நிற்கும்போதே அவர் கையைத் தூக்கினார்.

"படங்கள் போதும். எனக்கு நேரில் பார்க்க வேண்டும். என்னுடையதில் செய்து காட்டுங்கள்."

கடைசிச் சிலைட்டுக்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது. யூலியானா ஒரு போத்திலை நீட்டினாள். மனோகரி அதை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அறையில் இருந்த மற்றவர்கள் சுவர்க் கடிகாரத்தை மிகக் கவனமாகப் பார்த்தார்கள். மனோகரி வந்தார். யூலியானா அளந்து புரதத்தைப் போட்டாள், பட்டியைத் தோய்த்தாள், கருவியில் செருகினாள்.

போட்டது எவ்வளவோ அவ்வளவும் இலக்கமாக விழுந்தது.

குழுவில் ஒருவர் கை தட்டினார். கோபிசங்கரின் முகத்தில் நெடுந்தீவுக் கிணறு திரும்ப ஊறியது. மனோகரி தலையாட்டிப் பேனையைத் திறந்தார். மூன்று வருடம் அந்தப் பேனையின் நுனியில் நின்றது.

யூலியானாவின் கையில் போத்தில் இருந்தது. வெளிப்பக்கம் ஈரம். மூக்கருகே கொண்டுபோனாள். தேசிக்காய் இல்லை. றோசாப்பூ. கழுவறையில் குழுவுக்கென்று காலையில் அவளே வாங்கி வைத்த கைகழுவும் சவர்க்காரம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஒருவரும் கேட்கப்போவதில்லை. பூப்போட்ட குசன் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. அதற்குப் பின்னால், மூன்றாவது போத்திலில் 'சுத்தம்' என்று வாங்கிக்கொண்டு அப்பா வலையைத் தோளில் போடுவதும் வந்தது.

"மேடம்," என்றாள், "போத்திலைக் கழுவினனீங்களோ?"

 பேனை தாளுக்கு மேலேயே நின்றது.

"கழுவாமல் என்னெண்டு பிள்ளை மற்றாக்களிட்டைக் குடுக்கிறது?" என்றார் மனோகரி. வானொலி எங்கே போனதென்று தெரியவில்லை. "நான் புளியங்கூடல் ஆள், ஊர்காவற்றுறைக்குப் பக்கம். எங்கடை அம்மா உயிரோடை இருந்திருந்தால் என்னை உரிச்சிருப்பா."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. கன்னம் சிவந்தது. யூலியானா நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னாள்: கமலாதேவியின் உள்ளங்கைத் தண்ணீர், அம்மாவின் சிரட்டை, அப்பாவின் மூன்றாவது போத்தில். கோபிசங்கர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். சொல்லி முடிந்ததும் மெல்ல, "அது கடைசிச் சிலைட்டிலை இருக்குது" என்றார்.

"இன்னொரு போத்தில் தாரும்" என்றார் மனோகரி. "கழுவமாட்டன். ஆனால் இப்ப வராது. முதல் ஒரு தேத்தண்ணி."

கொழும்பிலிருந்து வந்த குழு, தலைவி தேநீர் குடிப்பதைச் சுற்றியிருந்து பார்த்தது. பிறகு ஒரு போத்தில் தண்ணீரும் குடித்தார். கழுவாத போத்திலில் பட்டி, எல்லோர் முன்னிலையிலும், போட்டதில் பாதியைச் சொல்லிவிட்டு வாயடைத்துப்போனது.

மூன்று வருடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் கிடைத்தது. அதற்கும் மனோகரி ஒரு நிபந்தனை வைத்தார்: "கழுவாதையுங்கோ எண்டு சொன்னால் எங்கடை சனம் கேளாது. நானே கேட்டிருக்கமாட்டன். கழுவினாலும் கழுவாட்டிலும் உம்மடை பட்டி உண்மையைச் சொல்லவேணும். கழலாத கையாய்ப் போடும், ஒட்டாத பூச்சாய்ப் போடும், என்னவோ செய்யும். வருசம் முடிய நான் வருவன். கழுவித்தான் தருவன்."

கோபிசங்கர் மாநாட்டுக்கு எழுதித் தன் கட்டுரையைத் திருப்பி எடுத்தார். குறைபாடுகள் சிலைட் இப்போது முதலாவதாக வந்துவிட்டது, பெரிய எழுத்தில். ஆனால் குதிரை பற்றிய யோசனையை அவர் முழுக்க விட்டுவிட்டார் என்று சொல்ல ஏலாது.

வீட்டில் பஸ்ரியாம்பிள்ளை செய்தியைக் கேட்டுவிட்டு, "ஒரு வருசமோ?" என்றார். "சரி. குசனைப் பொலித்தீன் பையுக்குள்ளை போட்டு வைக்கிறன். தூசு படாது." பிறகு, போகிற போக்கில், முகத்தைத் திருப்பாமல் கேட்டார்: "கிளினிக் அடுத்தது எப்ப எண்டு அந்தக் காட்டிலை ஒருக்காப் பார்."

யூலியானா பார்த்தாள். அடுத்த வியாழன்.

அதற்கடுத்த கிழமை றெஜிபோம் பெட்டியோடு நெடுந்தீவுக்குப் போனாள். துறையில் கேட்டவர்களுக்குக் கணவாய் என்றாள். முன்பள்ளியில் சனம் கூடியிருந்தது. பாதிப் பேர் கழுவிய போத்திலில் தரவேண்டும், பாதிப் பேர் கழுவாததில் என்று அவள் விளக்கியபோது முணுமுணுப்பு எழும்பியது.

கமலாதேவி எழுந்தார். "இதிலை என்ன கரைச்சல்? கழுவாதது ஆம்பிளையள். அவை கழுவாயினம் எண்டு ஊருக்கே தெரியும். ஒருத்தற்றை மானமும் போகாது."

"அது சரிவராது அக்கா. பிறகு எங்கடை சேர் ஆம்பிளை, பொம்பிளை எண்டு ஒரு கட்டுரை எழுதுவார். சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கவேணும்."

பிள்ளைகள் வண்ணப் பென்சில் போடும் தகரப் பேணிக்குள் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். 'கழுவியது' வந்தவர்கள் சீட்டைத் தூக்கிக் காட்டினார்கள். 'கழுவாதது' வந்த ஒரு பெண் பக்கத்து வீட்டுக்காரியிடம் மாற்றித் தரச் சொல்லி இரண்டு தேங்காய் வரை ஏறினாள். யூலியானா விடவில்லை. கடைசிச் சீட்டைக் கமலாதேவி எடுத்தார். பிரித்தார். வாசித்தார். திருப்பிப் பார்த்தார், மறுபக்கத்தில் வேறு ஏதும் எழுதியிருக்கிறதா என்று.

"பிள்ளை," என்றார் தணிந்த குரலில், "சவர்க்காரம் வேண்டாம். ஒரு சொட்டுச் சுடுதண்ணி மட்டும்?"

"ஏலாது அக்கா."

"பச்சைத்தண்ணி?"

"ஏலாது."

முழு நெடுந்தீவும் பார்த்துக்கொண்டிருந்தது. கமலாதேவி புதுப் போத்திலைப் பைக்கற்றிலிருந்து எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு தூசு இல்லை. இருந்தும் சேலைத் தலைப்பை எடுத்தார்.

"வெளியாலை துடைக்கலாந்தானே?"

யூலியானா கொஞ்சம் யோசித்தாள். விஞ்ஞானப்படி பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை.

"வெளியாலை துடையுங்கோ" என்றாள்.